ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு ஃபேன்?

தராசு முள்ளைப் போல எந்தப் பக்கமும் சாயாமல் இந்த விழாவின் நடுவில் வீற்றிருக்கும் எங்கள் வணிகர் நலச் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய காசிலிங்கம் அண்ணாச்சி அவர்களே. பங்குனி வெயிலைப் பொருட்படுத்தாமல் நாசரேத்திலிருந்து பஸ் ஏறி வந்து இந்த மேடைக்குப் பெருமை சேர்த்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பிளாரன்ஸ் அம்மையார் அவர்களே. ஏரலிலிருந்தும் தருவைகுளத்திலிருந்தும் வந்திருக்கும் கிளைச் சங்கப் பெருமக்களே. கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் அண்ணாச்சிமார்களே. கடையைச் சாத்த மனம் வராமல் மச்சினனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு, கண்ணை இங்கேயும் கருத்தை அங்கேயும் வைத்திருக்கும் அண்ணாச்சிமார்களே. என் குரல் கடைசித் தெரு வரை கேட்க வேண்டும் என்று குழாய் கட்டியிருக்கும் மைக் செட் ஜெயகணேஷ் அவர்களே. எல்லாருக்கும் மேலாக, இந்தப் பந்தலின் இடப்பக்கத்தில், முந்தானையால் விசிறிக்கொண்டு அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, சகோதரிகளே. உங்கள் அனைவரின் பாதங்களுக்கும் இந்தச் சிவபாலனின் பணிவான வணக்கம்.

முப்பது வருடமாக எலக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடமாக மேடையில் பேசுகிறேன். வயரை இழுத்த நேரத்தைவிட வார்த்தையை இழுத்த நேரம் அதிகம் என்று என் வீட்டில் சொல்லுவார்கள். தலைவர் அண்ணாச்சி என்னை அழைத்து, "கோடை வருது, கரண்ட் பில்லைக் குறைக்கிறது எப்படின்னு போன வருசம் மாதிரியே ஒரு அரை மணி நேரம் பேசிரு, பேசி முடிச்சிட்டு ஷீல்டை உன் கையாலேயே குடுத்துரு" என்று சொன்னார்கள். அந்த ஷீல்டு அதோ மேசை மேல் இருக்கிறது. மஞ்சள் பட்டுத் துணி போர்த்தியிருக்கிறார்கள். அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், எழுதக் கொடுத்தவன் நான்.

போன வருடம் மாதிரியே பேசு என்றார்கள். பேச முடியாது அண்ணாச்சி. மன்னிக்க வேண்டும்.

கை தட்டாதீர்கள். இது கை தட்டுவதற்கான பேச்சு இல்லை.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காக நடந்ததை முதலிலிருந்து சொல்லுகிறேன். போன வருடம் இதே பங்குனி, இதே பந்தல், இதே மேடை. எந்த வீட்டில் முந்தைய வருடத்தைவிட யூனிட் அதிகமாகக் குறைந்திருக்கிறதோ அந்த வீட்டு அம்மாவுக்கு "சிக்கனச் செல்வி" என்று பட்டம், பொன்னாடை, ஷீல்டு. யார் யோசனை? என் யோசனை. யார் ஷீல்டு செய்து கொடுத்தது? நான். அந்த மாதம் யார் கடையில் எல்.இ.டி. பல்பு அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக விற்றது? அதையும் சொல்லிவிடுகிறேன், என் கடையில்தான். சிக்கனத்தைப் பேசியே செழித்தவன் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

அன்றைக்கு அந்தப் பட்டத்தை வாங்கியவள் பெயர் ஆறுமுகத்தாய். மளிகைக்கடை சங்கரலிங்கத்தின் மனைவி. இருநூற்றுத் தொண்ணூறு யூனிட் ஓடிய வீட்டை நூற்று எண்பதுக்குக் கொண்டுவந்தவள். என் உடன்பிறந்த தங்கை. என் தங்கைக்கு என் கையால் நானே பொன்னாடை போட்டேன். அண்ணன் தங்கைக்குக் கொடுத்துவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, அவள் வீட்டு மீட்டர் அட்டையை மைக் முன்னால் உரக்கப் படித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு இருக்கிறதே, நரம்பில்லாத நாக்கு, அது நிறுத்தவில்லை. பேச்சின் உச்சியில் நின்றுகொண்டு நான் முழங்கினேன். பங்குனியில் குறைப்பது பெரிதில்லை, கத்திரி வெயிலில் குறைத்துக் காட்டுகிறவளே கலங்காத சிக்கனச் செல்வி, வைகாசி ரீடிங்கில் யூனிட் கூடிவிட்டால் ஷீல்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்றேன். பந்தல் அதிரக் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டல் எனக்கு இனித்தது.

இந்த வணக்கத்துக்குரிய சபையில் ஒரு கேள்வி கேட்கிறேன். கரண்ட் பில்லைக் குறைக்க வேண்டும் என்றால் நாம் முதலில் எதை அணைக்கிறோம்?

யாரோ சொல்லுகிறார்கள்... ஆமாம், ஃபேன். சரியாகச் சொன்னீர்கள் அண்ணாச்சி. நம் கண்ணுக்குத் தெரிவது அதுதானே. தலைக்கு மேல் சுற்றுகிறது, சத்தம் போடுகிறது, குற்றவாளி மாதிரி தொங்குகிறது. பேசாமல் மூலையில் நின்று தின்கிற பெருந்தீனிக்காரனை எவரும் பார்ப்பதில்லை.

ரீடிங் எடுக்க ஆள் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது நம் தெருக்களில் ஒரு விரதம் தொடங்கும். லைட்டை அணை, டி.வி.யை அணை, ஃபேனைக் குறை. சஷ்டி விரதத்துக்கு அடுத்தபடி நாம் சிரத்தையாகப் பிடிப்பது இந்த ரீடிங் விரதம்தான். சுடலைக்கண்ணு அண்ணாச்சி அங்கே சிரிக்கிறார்கள். சிரியுங்கள் அண்ணாச்சி, அடுத்து உங்களைத்தான் சொல்லப்போகிறேன். போன ரீடிங் விரதத்தில் அண்ணாச்சி வீட்டில் எல்லாரும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டார்கள். அதே நேரம் மொட்டை மாடியில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டி நிரம்பி, தண்ணீர் வழிந்து, சுவரில் இறங்கி, பக்கத்து வீட்டு முருங்கையை வளர்க்கிறது. மோட்டார் போட்டதை மறந்துவிட்டார்கள். மெழுகுவத்தியில் மிச்சம் பிடித்ததை முருங்கைக்கு ஊற்றிவிட்டார்கள்.

அறுபது நாள் கணக்கை ஆறு நாள் விரதம் மறைக்குமா? மீட்டர் அறுபது நாளும் விழித்திருக்கிறது அண்ணாச்சிமார்களே. நாம்தான் ஆறு நாள் விழிக்கிறோம்.

சிரித்தது போதும். இனி சிரிக்க ஒன்றும் இல்லை.

கடற்கரைச் சீமையில் வியாபாரம் செய்து பிழைக்கும் நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதும் இல்லை. கடைக்குப் புதிது, வீட்டுக்குப் பழசு. கடைக்குப் புது நாற்காலி வந்தால் கால் ஆடுகிற நாற்காலி வீட்டுக்குப் போகும். கடைக்குப் புதுத் தராசு வந்தால் முள் மடங்கிய தராசு அடுப்பங்கரைக்குப் போகும். கடைதான் சோறு போடுகிறது, அதனால் கடைக்கு முதல் மரியாதை. வீடு தாங்கிக்கொள்ளும். வீடு என்றால் யார்? வீட்டில் இருக்கும் பெண்.

போன வருடம் கோடை விற்பனைக்காக என் மச்சான் சங்கரலிங்கம் கடைக்குக் கண்ணாடிக் கதவு வைத்த புதுக் குளிர்பெட்டி வாங்கினார். பதினோரு வருடம் உழைத்த பழைய ஃபிரீசர் எங்கே போகும்? வீட்டுக்குப் போனது. உப்புக் காற்றில் அடி துருப்பிடித்து, மூடியின் ரப்பர் பிய்ந்து, மூடினாலும் மூடாத ஃபிரீசர். அடுப்பங்கரைக்கு அடுத்த உள்ளறையில், சுவரோடு சுவராக ஒட்டி வைத்தார்கள். அதற்குள் கலர் பாட்டிலையும் தண்ணீர் பாட்டிலையும் அடுக்கினார்கள். கடைக் கரண்டைவிட வீட்டுக் கரண்ட் மலிவு, அங்கே குளிர வைத்து இங்கே விற்போம் என்ற கணக்கு. தப்பு என்று தெரியாதா? தெரியும். யார் செய்யவில்லை?

கேட்கிறேன், கையைத் தூக்குங்கள். கடையில் பழசாகிப்போன ஃபிரிட்ஜோ ஃபிரீசரோ வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் கையைத் தூக்குங்கள். கூச்சப்பட வேண்டாம், நான் மின்வாரியத்து ஆள் இல்லை. ஒன்று, இரண்டு... அண்ணாச்சி, பாதி தூக்கிவிட்டு ஏன் தலையைச் சொறிகிறீர்கள்? முழுசாகத் தூக்குங்கள். தலைவர் அண்ணாச்சி கையும் உயர்கிறது. நேர்மைக்கு நன்றி. பாருங்கள், பந்தலில் பாதிக்குமேல் கை நிற்கிறது. அதனால் என் மச்சானை மட்டும் யாரும் பழிக்க வேண்டாம். அவர் அதோ பின் வரிசையில் தூணோடு சாய்ந்து நிற்கிறார். இன்றைக்கு என்ன பேசப்போகிறேன் என்று காலையிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன். "சொல்லுங்க மச்சான், நான் வந்து நிக்கேன்" என்றார். வந்து நிற்கிறார்.

அந்தப் பழைய ஃபிரீசர் ஒரு நாளைக்கு நான்கு யூனிட் தின்றது. நான் பிறகு அளந்து பார்த்தேன். நான்கு யூனிட்டில் ஒரு சாதாரண ஃபேன் எவ்வளவு நேரம் ஓடும் தெரியுமா? ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரண்டு பகல், இரண்டு இரவு. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். தொழிலே அதுதான். என் தங்கைக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மீட்டர் திடீரென்று வேகமாக ஓடுகிறது. சுவரில் ஷீல்டு தொங்குகிறது. வைகாசியில் ரீடிங் வரும். அண்ணன் மைக்கில் சொல்லியிருக்கிறான்.

அவள் ஃபிரீசரை அணைக்கவில்லை. அது கடைச் சாமான், அதைத் தொடக் கூடாது. மிக்ஸியை நிறுத்தினாள். டி.வி.யை நிறுத்தினாள். அதுவும் போதவில்லை. காலையில் வீட்டுக்காரர் கடைக்குப் போவார். மகள் சண்முகப்ரியா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை, அவளும் போய்விடுவாள். அவர்கள் செருப்பை மாட்டியதும் இவள் ஃபேனை அணைத்துவிடுவாள். மாலை அவர்கள் வரும் சத்தம் கேட்டதும் போட்டுவிடுவாள். ஒரு நாள் மகள் பாதியில் திரும்பி வந்து பார்த்துவிட்டுச் சண்டை போட்டிருக்கிறாள். அதற்கு என் தங்கை சொன்ன பதில் இது.

"ஏளா, நீங்க ரெண்டு பேரும் போயிட்டா வீட்ல யாரு இருக்கா? ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு ஃபேனு?"

இந்தச் சபையைக் கேட்கிறேன். அவள் ஆள் இல்லையா? காலை நான்கு மணிக்கு எழுந்து கோலம் போட்டவள் ஆள் இல்லையா? கடைக்குப் பொட்டலம் மடித்தவள் ஆள் இல்லையா? கொத்தமல்லி காயவைத்து, பிள்ளை பெற்று, பிள்ளையைப் படிக்க வைத்து, பிரஷர் மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டு, அதிலும் சிக்கனம் பிடித்தவள், அவள் ஒருத்தி இருந்தும் அந்த வீடு ஆளில்லாத வீடா? யார் சொல்லிக் கொடுத்தார்கள் இந்தக் கணக்கை? தாய்மார்களே, உங்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கைத் தினமும் போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது யாரும் கையைத் தூக்க வேண்டாம். நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே எனக்குப் போதும்.

நம் கரையில் முத்துக்குளித்த காலத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கடலடிக்கு இறங்குகிறவனுக்குத் தோணியில் கயிறு பிடிக்கிறவன் அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோவாகத்தான் இருக்க வேண்டுமாம். ஏன் தெரியுமா? தன் கூடப் பிறந்தவள் வாழ்வு அந்தக் கயிற்றில் தொங்குகிறது, அவன் கண் அயர மாட்டான். கீழே இருப்பவன் மூச்சு முட்டிக் கயிற்றை ஆட்டினால் மேலே இருப்பவன் அந்தக் கணமே இழுக்க வேண்டும். என் தங்கையும் கயிற்றை ஆட்டினாள்.

வைகாசி பிறந்த வாரம். வேறெதற்கோ போன் பண்ணினேன். பேச்சு வாக்கில், "என்ன தாயி, ஷீல்டு கைமாறிரும் போலருக்கே, உன் வீட்டு மீட்டர் ஓடுற ஓட்டத்தைப் பாத்தா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"விட மாட்டேம்ணே," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மத்தியானந்தான் கிறுகிறுன்னு வருது, கண்ணைக் கட்டுது" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மோரைக் குடி, சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கயிறு ஆடியது. நான் கடையில் வந்து நின்றவருக்கு வயர் அளந்து கொடுக்கப் போய்விட்டேன்.

கத்திரி முடிய மூன்று நாள் இருந்தது. ரீடிங் வர நான்கு நாள் இருந்தது. மாலை ஐந்தரை மணிக்குச் சண்முகப்ரியா ஆபீசிலிருந்து வந்தாள். கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. பக்கத்து வீட்டு வழியாக ஏறிப் பின்கதவைத் தள்ளிப் போனாள். உள்ளறையில் ஃபிரீசருக்குப் பக்கத்தில் என் தங்கை தரையில் கிடந்தாள். ஒரு கை ஃபிரீசர் மேல் சாய்ந்திருந்தது. குளிரும் என்று தொட்டாளோ, பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாளோ, தெரியாது. ஃபிரீசர் உள்ளே குளிர்ந்து வெளியே வெப்பத்தைக் கக்கும். அந்த வெப்பம் காலையிலிருந்து மூடிய அறைக்குள் அவள் மேல் வந்துகொண்டே இருந்திருக்கிறது. உள்ளே கலர் பாட்டில் குளிர்ந்தது. வெளியே என் தங்கை வெந்துபோனாள்.

சண்முகப்ரியா ஓடிப்போய் ஃபேன் சுவிட்சைப் போட்டாளாம். போட்டதும் சுற்றியதாம். கரண்ட் இருந்தது. ஃபேன் நன்றாக இருந்தது. "அந்தச் சத்தம்தான் மாமா என்னால தாங்க முடியல" என்று பிள்ளை என்னிடம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், வெயில் தாக்கிவிட்டது, உடம்புச் சூடு மூளைக்கு ஏறிவிட்டது என்று சொன்னார். ஊருக்கு நாங்கள் என்ன சொன்னோம்? மாரடைப்பு என்று சொன்னோம். மளிகைக் கடைக்காரர் மனைவி, எலக்ட்ரிக் கடைக்காரன் தங்கை, ஃபேன் போடாமல் செத்தாள் என்று எந்த வாயால் சொல்லுவது? கௌரவம் பார்த்தோம். நீங்கள் எல்லாரும் துஷ்டிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல சாவு, கஷ்டப்படாமல் போய்விட்டாள் என்று ஆறுதல் சொன்னீர்கள். நானும் தலையை ஆட்டினேன். அது பொய். கஷ்டப்பட்டுத்தான் செத்தாள். இன்றைக்கு இந்த மேடையில் அந்தப் பொய்யை வாபஸ் வாங்குகிறேன்.

நான்காம் நாள் ரீடிங் எடுக்கிறவர் வந்தார். வாசலில் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினார். எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் சொன்னேன். முந்நூற்றுப் பத்து. போன தடவையைவிட நூற்று முப்பது யூனிட் அதிகம். மிக்ஸியை நிறுத்தி, டி.வி.யை நிறுத்தி, ஃபேனை நிறுத்தி, கடைசியில் மூச்சையும் நிறுத்தி, அத்தனைக்குப் பிறகும் அவள் தோற்றுத்தான் போனாள். ஃபிரீசர் ஜெயித்தது.

கேளுங்கள் கொடுமையை. இந்த வருடமும் போட்டி நடத்துவோம் என்று சங்கம் கூடியபோது, ஷீல்டுக்கு "ஆறுமுகத்தாய் நினைவுக் கேடயம்" என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் நான் சம்மதித்தேன். என் தங்கை பெயர் நிலைக்கட்டும் என்று நெஞ்சு நிமிர்த்திப் போய் எழுத்து வெட்டக் கொடுத்தேன். எதனால் செத்தாளோ அதற்கே அவள் பெயரை வைத்தேன். நேற்று மத்தியானம் வரைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை.

நேற்று மத்தியானம் என்ன நடந்தது? போட்டி விதிப்படி, ஜெயித்த வீட்டின் மீட்டர் அட்டையைச் சரிபார்க்கப் போனேன். இந்த வருடம் ஜெயித்திருப்பது அரிசிக்கடை செந்தில்முருகன் மனைவி முத்துச்செல்வி. அதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். முத்து, உன்னைச் சபையில் கூச்சப்படுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லையம்மா. உன்னைப் பெற்றவர்கள் இருந்தால் சொல்லுவதைத்தான் சொல்லுகிறேன், பொறுத்துக்கொள்.

மணி ஒன்று. மாடி வீடு. கதவைத் திறந்தாள். கை நிறைய வளைகாப்பு வளையல். ஏழாம் மாதம். கழுத்தெல்லாம் வேர்க்குரு. ரவிக்கை தண்ணீரில் முக்கி எடுத்தது போல இருக்கிறது. என்னைப் பார்த்ததும், வாங்க அண்ணாச்சி என்று சொல்லி ஓடிப்போய் ஃபேனைப் போட்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மோர் கொடுத்தாள். அட்டையைப் பார்த்தேன். எண்பத்து நான்கு யூனிட். பில்லே கிடையாது. கணக்கு சரியாக இருந்தது.

புறப்பட்டேன். நாலு படி இறங்கியிருப்பேன். பின்னால் "டக்" என்று ஒரு சத்தம். சுவிட்சின் சத்தம். முப்பது வருடம் சுவிட்ச் விற்ற காது, அதற்குத் தெரியாதா? விருந்தாளி போய்விட்டார், ஃபேன் நின்றுவிட்டது. படியில் நின்றபடியே திரும்பி, "ஏம்மா அமத்திட்ட?" என்று கேட்டேன்.

உள்ளேயிருந்தே சொன்னாள். "வீட்ல யாருமில்லையே அண்ணாச்சி."

என் தங்கை சொன்ன அதே வார்த்தை. வயிற்றில் ஒரு பிள்ளையோடு, இரண்டு உயிர் அந்த வீட்டில் நிற்கிறது. யாரும் இல்லை என்று அந்த வாயே சொல்லுகிறது. நான் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். எதற்கு அழுதேன் என்று அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

ஆகவே தலைவர் அண்ணாச்சி அவர்களே, இந்த ஷீல்டை நான் கொடுக்க மாட்டேன். யாரையும் கொடுக்கவும் விட மாட்டேன்.

என்ன அண்ணாச்சி, அங்கே யாரோ கேட்கிறீர்கள்? அப்படியென்றால் பில்லைக் குறைக்கவே வேண்டாமா என்று? குறைக்க வேண்டும். கட்டாயம் குறைக்க வேண்டும். யாரிடமிருந்து குறைப்பது என்பதுதான் என் சண்டை. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடுங்கள். இழுத்தால் காகிதம் தடங்கல் இல்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது, உங்கள் கரண்ட் அந்தச் சந்து வழியாகத்தான் போகிறது. கடையின் பழைய ஃபிரீசர் வீட்டில் இருந்தால் நாளைக்குக் காலையில் பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுங்கள். அவர் என்ன கொடுத்தாலும் லாபம். சித்திரை பிறக்கும் முன்னால் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், தளம் வெள்ளையாக இருந்தால் வீட்டுக்குள் சூடு இறங்குவது குறையும். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும்படி ஒரு கருவி இருக்கிறது. சுடலைக்கண்ணு அண்ணாச்சிக்கு நானே இலவசமாக மாட்டித் தருகிறேன். ஃபேனே மாற்ற வேண்டும் என்றால் இப்போது வருகிற புது வகை ஃபேன் பழையதில் பாதிக்கும் குறைவாகத்தான் கரண்ட் இழுக்கும். என் கடையில்தான் வாங்க வேண்டும் என்று இல்லை, எந்தக் கடையிலும் வாங்குங்கள்.

இதையெல்லாம் போன வருடமே என்னால் சொல்லியிருக்க முடியும். எனக்குத் தெரியாத ஒன்றையும் நான் இப்போது சொல்லவில்லை. ஷீல்டு கொடுத்துக் கை தட்டல் வாங்குவது சுலபமாக இருந்தது, அதனால் ஒருவர் வீட்டுக்குள்ளும் போய்ப் பார்க்கவில்லை.

கணவன்மார்களே, உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடையில் உட்கார்ந்துகொண்டு மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போன் போடுங்கள். சாப்பாடு வருதா என்று கேட்பதற்கு முன்னால், ஃபேன் ஓடுதா என்று கேளுங்கள். ஓடுது என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள். போனைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தச் சத்தம் உங்கள் காதில் விழ வேண்டும். ஆறுமுகத்தாய் வீட்டில் அந்தச் சத்தத்தைக் கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

தாய்மார்களே, உங்களிடம் கெஞ்சுகிறேன். உங்கள் வீட்டு ஆள் கணக்கில் உங்களையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆளாகக்கூட வேண்டாம். கடைசி ஆளாகவாவது சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி ஆள் வீட்டில் இருக்கும்வரை ஃபேன் சுற்றட்டும். யூனிட் கூடினால் கூடட்டும், அதற்கு நாங்கள் பதில் சொல்லுகிறோம்.

இன்னும் ஒரே ஒரு விஷயம், முடித்துவிடுகிறேன். பேச ஆரம்பித்ததிலிருந்து என் முதுகில் சில்லென்று காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். இந்த மேடையில் நாங்கள் ஆறு பேர். எங்கள் ஆறு பேருக்கு நாலு ஸ்டாண்டு ஃபேன். அண்ணாச்சிமார்கள் பக்கம் மூன்று. இடப்பக்கம் இருநூறு தாய்மார்கள் இருக்கிறார்கள். அங்கே ஒன்றுகூட இல்லை. வயர் எட்டவில்லையா, ஃபேன் போதவில்லையா? இல்லை. பந்தல் போட்டவருக்கும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கும் தோன்றவில்லை. போன வருடமும் இப்படித்தான் வைத்திருந்தோம். என் தங்கை அந்த இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டுதான் என் பேச்சைக் கேட்டாள்.

ஜெயகணேஷ், கொஞ்சம் மேடைக்கு வாங்க. இந்த நாலு ஃபேனையும் இறக்குங்க. ஆமாம், நாலையும்தான். தலைவர் அண்ணாச்சி தாங்களே எழுந்து ஒன்றைத் தூக்குகிறார்கள், பெரிய மனசு. மச்சான், பின்னால் நிற்காதீர்கள், வந்து ஒரு கை பிடியுங்கள். வயரைத் தாய்மார்கள் பக்கம் இழுங்கள். முதல் ஃபேனை முத்துச்செல்விக்கு நேராக வையுங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. சுவிட்சைப் போடுங்கள்.

சுற்றுகிறதா? முத்து, முந்தானை பறக்கிறதா? பறக்கட்டும். அதைப் பிடிக்காதேயம்மா, விட்டுவிடு.

மேடையில் வேர்க்க ஆரம்பித்துவிட்டது. பிளாரன்ஸ் அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். தாங்களும் கீழே இறங்கி அந்தப் பக்கம் போய் உட்காருங்கள், அங்கே இப்போது காற்று இருக்கிறது. நாங்கள் வேர்த்துக்கொண்டு இருக்கிறோம். இந்தத் தெருவில் பெண்கள் ஒரு கோடை முழுக்க வேர்த்ததில் இது பத்து நிமிஷம்கூட ஆகாது.

பட்டுத் துணி போர்த்தியபடியே அந்த ஷீல்டை நான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். அதில் என் தங்கை பெயர் இருக்கிறது, அது எனக்கு வேண்டும். இனிமேல் அது யாருக்கும் பரிசு இல்லை. என் கடையில், எல்லாருக்கும் தெரியும்படி, ஃபேன் தொங்கவிடும் கொக்கிக்குக் கீழே வைப்பேன். யாராவது கேட்டால் மாரடைப்பு என்று சொல்ல மாட்டேன்.

நடுவில் எழுந்து போகாமல் இந்தப் பாவத்தைக் கேட்டுப் பொறுத்துக்கொண்ட சபைக்கு நன்றி. என்னைப் பேச அனுமதித்த மச்சானுக்கும் மருமகளுக்கும் நன்றி. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் முதலில் யார் ஃபேனுக்குக் கீழே உட்காருகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேர்த்த முகத்தோடு, வேர்த்த கையைக் கூப்பி, உங்கள் எல்லாரையும் வணங்கி அமர்கிறேன்.